குழி தெரியும், வீசம் என்றால் என்ன? மாகாணியும் அதுவும் ஒன்றா?

லாஸ்பேட்டைக்காரன் | ஞாயிறு, காலை 10.15

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மனை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். மூலப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்தது. சொத்து விவரத்தில் இப்படி ஒரு வரி:

"கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40, ஆக இதற்குள்பட்ட குழி 2 வீசம் 1 அடி 12 கொண்ட காலிமனை."

குழி தெரியும். புதுச்சேரியில் பிறந்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 576 சதுர அடி என்பான். வீசம் 36 சதுர அடி என்று தரகர் சொன்னார். ஏன் 36 என்று கேட்டால், "அது அப்படித்தான் சார்" என்கிறார். என் மாமியாருக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். "வீசம்னா மாகாணிதான் மாப்பிள்ளை, இதுகூடத் தெரியாதா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மாகாணி என்றால் மாகாணம் மாதிரி ஏதோ பெரிய நிலப்பரப்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரப்புள்ளி | ஞாயிறு, காலை 11.02

மாமியார் சொன்னது சரி தம்பி. வீசம் என்பது நில அளவையின் பெயரே அல்ல. பதினாறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எதில் பதினாறில் ஒன்று என்பதை முன்னால் வரும் சொல் தீர்மானிக்கும். உங்கள் பத்திரத்தில் முன்னால் நிற்பது குழி. 576-ஐ 16-ஆல் வகுத்தால் 36. தரகர் சொன்ன கணக்கு அதுதான்.

உங்கள் மனையையே சரிபார்த்துவிடலாம். 30 பெருக்கல் 40, 1200. அதில் 2 குழி போக (1152) மீதி 48. அதில் ஒரு வீசம் 36 போக 12 அடி. பத்திரம் எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். இப்போதெல்லாம் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றும் போட வேண்டியிருக்கிறது. ஒரு குழி ஏறக்குறைய 53.5 சதுர மீட்டர். ஆனாலும் வாங்குபவர் கேட்பது குழியில்தான்.

ரூபாயிலும் இதே வீசம் உண்டு. 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியானால் ஓர் அணா ரூபாயில் ஒரு வீசம். நம் ஊர்ப் பிரெஞ்சு ரூபாய் இன்னும் வேடிக்கை. அதில் ரூபாய்க்கு எட்டு பணம். துரைமார் வாயில் அது 'ஃபனோன்'. ஒரு பணம் என்பது அரைக்கால் ரூபாய்.

நெட்டப்பாக்கத்தான் | ஞாயிறு, காலை 11.20

எங்கள் ஊரில் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது என்பதற்கு "முக்காலே மூணு வீசம் ஆச்சு" என்போம். இவ்வளவு நாள் அர்த்தம் பார்த்ததில்லை. இப்போதுதான் கணக்குப் போட்டேன். முக்கால் என்றால் 12 வீசம், அதோடு 3 வீசம், ஆக 15/16. ஒரே ஒரு வீசம்தான் பாக்கி! என் கொத்தனார் இதைச் சொல்லும்போது பாதிச் சுவர்கூட எழும்பியிருக்காது, அது வேறு விஷயம்.

கெடிலக்கரை டீச்சர் | ஞாயிறு, மாலை 4.40

பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை என்பதால் இந்த இழையைக் கடந்து போக மனம் வரவில்லை.

மாகாணியைப் பிரித்துப் படியுங்கள். மா, காணி. இரண்டுமே பின்னங்களின் பெயர்கள். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80. சுருக்கினால் 1/16. பெயருக்குள்ளேயே கூட்டல் நடந்து முடிந்திருக்கிறது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. பழைய கணக்கில் ஒன்றை உடைக்க இரண்டு வழி. முதலாவது, வேட்டியை மடிக்கிற மாதிரி பாதி பாதியாக மடித்துக்கொண்டே போவது: அரை, கால், அரைக்கால், வீசம். இரண்டாவது, இருபதில் தொடங்குவது: மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. வீசம் முதல் வழியில் பிறந்தது. அதே அளவை இரண்டாம் வழியில் வருகிறவன் என்னவென்று சொல்வான்? மாவும் காணியும் சேர்ந்தது, மாகாணி. ஓர் அளவுக்கு இரண்டு பெயர் இருப்பது அதனால்தான்.

எல்லாவற்றையும் முந்திரிக்கு மாற்றிப் பாருங்கள். ஒன்று என்பது 320 முந்திரி. அரை 160, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20. இந்தப் பக்கம் மா 16, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2. மா 16, காணி 4, கூட்டினால் 20. எல்லாமே முழு எண்கள். பகுதியைப் பொதுவாக்கு, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடி என்று நான் பிள்ளைகளை வருடக்கணக்கில் படுத்தியதெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைக்குத் தேவையே படவில்லை. முந்திரியிலேயே கூட்டிக் கழித்துவிடுவார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று ஒன்று உண்டு. வாய்ப்பாடுதான், ஆனால் பின்னங்களுக்கும் சேர்த்து. கால் பெருக்கல் கால், வீசம். அரை பெருக்கல் அரைக்கால், வீசம். முக்கால் பெருக்கல் முக்கால், அரையே வீசம். கடைசியைச் சரிபாருங்கள்: 9/16 என்பது 8/16-உம் 1/16-உம். அந்த 'அரையே'வில் இருக்கும் ஏகாரம்தான் கூட்டல் குறி. நெட்டப்பாக்கத்துத் தம்பி சொன்ன முக்காலே மூணு வீசத்திலும் அதே ஏகாரம். நாம் தினமும் சொல்கிற ஒன்றே கால், ரெண்டே முக்காலிலும் அதுதான்.

காரைக்கால்மேடு | ஞாயிறு, இரவு 8.05

டீச்சர், அருமை. ஆனால் ஓர் இடிப்பு. எங்கள் காரைக்கால் பக்கம் நிலம் மா கணக்கில்தான் பேசுவோம். ஒரு மா 33 சென்ட். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் காணி. அது 132 சென்ட். காணி மாவைப் போல நாலு மடங்கு. நீங்கள் சொல்கிற கணக்கிலோ காணி மாவில் கால் பங்கு. தலைகீழாக இருக்கிறதே?

பத்திரப்புள்ளி | ஞாயிறு, இரவு 9.31

நிலக் கணக்கை நான் சொல்கிறேன், மற்றதை டீச்சர் பார்த்துக்கொள்வார்.

காரைக்கால், தஞ்சைப் பக்கத்துக் குழி பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, 144 சதுர அடி. அப்படி 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி, அதாவது 2,88,000 சதுர அடி. புதுச்சேரிக் குழி இருபத்து நாலுக்கு இருபத்து நாலு, 576. அப்படி 100 குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. ஐந்து காணியைப் பெருக்கிப் பாருங்கள், அதே 2,88,000 வரும். ஆக ஒரு வேலிக்கு ஐந்து காணி, ஒரு காணிக்கு நாலு மா. காரைக்கால் நண்பர் சொன்னது சரி.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் குழி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அளவு ஓடுகிறது. எந்த ஊர்க் குழி என்று பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கெடிலக்கரை டீச்சர் | திங்கள், காலை 6.50

நிலத்து மா பிரச்சினையே இல்லை. வேலியில் இருபதில் ஒன்று, பின்னத்து மாவும் இருபதில் ஒன்று. இரண்டும் ஒத்துப் போகின்றன. காணிதான் ஒத்துப் போகவில்லை.

காணி என்பதற்கு முதலில் உரிமை நிலம் என்ற பொருள் இருக்கிறது. கல்வெட்டுகளில் காணி என்றால் பரம்பரையாக ஒருவர் அனுபவிக்கும் உரிமை. காணியாட்சி, காணியாளர் என்று வரும். நிலத்தின் அளவாகவும் அதே சொல், பின்னமாகவும் அதே சொல். பொருள் மூன்று, எழுத்து ஒன்று. மாகாணிக்குள் இருப்பது பின்னக் காணிதான் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், நிலக் காணியைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாவும் நாலு மாவும் ஐந்து மா. வேலியில் அது கால் பங்கு. அப்படியானால் மாகாணியும் காலும் ஒன்றாகிவிடும். எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நெட்டப்பாக்கத்தான் | திங்கள், காலை 7.15

பாரதியார் பராசக்தியிடம் கேட்டது காணி நிலம். அப்படியானால் 100 குழி. 1908 முதல் 1918 வரை இங்கே இருந்த மனிதர், புதுச்சேரிக் காணியைத்தான் மனதில் வைத்துக் கேட்டிருப்பார் என்பது என் கட்சி. அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இன்று ஒரு வீசம் வாங்கவே பராசக்தி நேரில் வந்தால்தான் உண்டு.

பண்ருட்டிப் பலா | திங்கள், மதியம் 1.10

முந்திரி என்று ஒரு பின்னம் இருக்கிறதா? அது எங்கள் பண்ருட்டியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்! ஒரு முந்திரிக்கொட்டை எடை, அதாவது ஒரு படியில் 320-இல் ஒன்று. கடலூர் மாவட்டத்துக்கு எல்லா ஊரும் கடன்பட்டிருக்கிறது என்று சும்மாவா சொல்கிறோம்.

கெடிலக்கரை டீச்சர் | திங்கள், மதியம் 2.45

தம்பி, பலாவை வைத்துப் பெருமைப்படுங்கள், யாரும் தடுக்கவில்லை. முந்திரி மரம் பிரேசிலிலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள். ராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-இல். சோழர் கல்வெட்டுகளிலேயே முந்திரிகை என்று இந்தப் பின்னம் வருகிறது. கொட்டை கப்பல் ஏறுவதற்கு ஐந்நூறு வருடம் முன்பே பின்னம் வழக்கில் இருந்திருக்கிறது. முந்திரிகை என்பது திராட்சைக்கும் பழைய பெயர். மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான்.

பெரிய கோயில் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முந்திரிக்குக் கீழே போக வேண்டும் என்றால் புதுப் பெயர் தேட மாட்டார்கள். 'கீழ்' என்று சொல்லி, அந்த ஒரு முந்திரியையே புதிய 'ஒன்று' ஆக வைத்துக்கொண்டு மறுபடி அரை, கால், மா என்று தொடங்குவார்கள். உதாரணம், மா பெருக்கல் மா. 1/400. முந்திரியைவிடச் சிறியது. ஒரு முந்திரியில் 4/5 பங்கு. நாலில் மூன்று பங்கும் இருபதில் ஒரு பங்கும் சேர்ந்தால் 4/5 வரும் இல்லையா? ஆகவே 'கீழ் முக்காலே ஒருமா'. அந்தக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு பங்குவரை நிலம் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தாறுமாறான எண். 320-ஐ நாலு முறை பெருக்கி, ஐந்தால் பெருக்குங்கள். அட்சரசுத்தமாக அதே எண். நாலு முறை 'கீழ்' இறங்கி, அங்கே நாலுமா (1/5).

இத்தனை சிறிய துண்டை யாரும் கயிறு பிடித்து அளந்திருக்க முடியாது. தாளில், அதாவது ஓலையில், பங்கு பிரித்துப் பெருக்கியதில் மிஞ்சியது. கணக்கு பைசல் ஆக வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்த எண்.

அரியாங்குப்பம் தென்றல் | திங்கள், இரவு 7.20

வாட்சாப்பில் ஒரு பட்டியல் வந்ததே, இம்மி, மும்மி, அணு, நாகவிந்தம், தேர்த்துகள் என்று. உலகத்திலேயே சிறிய எண் தமிழில்தான், நாசாவே ஒத்துக்கொண்டது என்று. படத்தை இங்கே இணைத்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 7.48

படம் நீக்கப்பட்டது. நாசா வருகிற எல்லாப் படங்களுக்கும் இந்த மன்றத்தில் ஒரே விதி. பெயர்களைப் பற்றிப் பேசலாம்.

பத்திரப்புள்ளி | திங்கள், இரவு 8.30

பெயர்கள் பொய் இல்லை, பழைய கணக்குச் சுவடிகளில் உள்ளவைதான். ஆனால் கடைத்தெருவில் நாகவிந்தம் அளந்து விற்றதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பா காலத்து மளிகைச் சிட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் அதிகம் வருவது கால், அரை, அரைக்கால், எப்போதாவது வீசம். காலுக்கு 'வ' மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறது. புளி 'வ', மிளகாய் 'வ' என்று பக்கம் முழுக்க வகாரமாக இருக்கும். சின்ன வயதில் அது யாரோ வாங்கியவரின் பெயர்ச் சுருக்கம் என்றே நினைத்திருந்தோம். இந்தக் குறிகளை எல்லாம் 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் சேர்த்துவிட்டார்கள். நான் இங்கே தட்டினால் உங்களில் பாதிப் பேருக்கு வெறும் கட்டமாகத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அரியாங்குப்பம் தென்றல் | திங்கள், இரவு 8.55

சரி, நாசாவை விட்டுவிடுகிறேன். ஆனால் உண்மையான சந்தேகம் ஒன்று. என் பெண் ஆறாவது படிக்கிறாள். பகுதி கீழே, தொகுதி மேலே என்று சொல்லிக் கொடுத்தால் மறுநாளே மாற்றி எழுதுகிறாள். டீச்சரம்மா, ஏதாவது வழி சொல்லுங்கள். அப்புறம், நாலில் ஒன்றுக்கு ஏன் கால் என்று பெயர் என்று கேட்கிறாள். மாட்டுக்கு நாலு கால் என்று சும்மா சொல்லி வைத்திருக்கிறேன்.

கெடிலக்கரை டீச்சர் | திங்கள், இரவு 9.40

சும்மா சொன்னதுதான் சரியான பதில் அம்மா. நாலு காலில் ஒன்று, கால். சமஸ்கிருதத்தில் பாதம் என்ற சொல்லும் இதே மாதிரி பாதத்தையும் நாலில் ஒன்றையும் குறிக்கும். கன்னடத்திலும் மலையாளத்திலும் நம்மைப் போலக் காலுக்குக் கால்தான். அரையைக் கேட்டால் இடுப்பைக் காட்டுங்கள். அரைஞாண் கட்டுகிற இடம் அரை, உடம்பின் பாதி.

பகுதி, தொகுதிக்கு மேலே கீழே என்று மனப்பாடம் வேண்டாம். பகு என்றால் பிரி. எத்தனையாகப் பிரித்தோம் என்று சொல்வது பகுதி. தொகு என்றால் சேர்த்து எடு. பிரித்ததில் எத்தனை எடுத்தோம் என்று சொல்வது தொகுதி. முதலில் பிரிக்க வேண்டும், பிறகுதான் எடுக்க முடியும். ஒரு தோசையை எட்டாக வெட்டச் சொல்லி மூன்று துண்டை எடுக்கச் சொல்லுங்கள். எது பகுதி, எது தொகுதி என்று அவளே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

பின்னம் என்ற சொல்லே உடைந்தது என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். கை உடைந்த சிலையைப் பின்னப்பட்ட சிலை என்கிறோமே, அதே பின்னம். பழைய தமிழ்க் கணக்கில் பின்னத்துக்குக் கீழ்வாய் இலக்கம் என்று பெயர். முழு எண் மேல்வாய் இலக்கம். எனக்கு இந்தப் பெயர் அதிகம் பிடிக்கும். உடைந்து போனதாகச் சொல்லாமல், ஒன்றுக்கு இந்தப் பக்கம் ஓர் உலகம், அந்தப் பக்கம் ஓர் உலகம் என்று வைத்தார்கள்.

முத்தியால்பேட்டை மணி | திங்கள், இரவு 11.05

இவ்வளவு நேரம் யாரும் காளமேகத்தை இழுக்காதது ஆச்சரியம். முக்கால், அரை, அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை என்று பின்னங்களையே அடுக்கி ஒரு வெண்பா. படித்தால் கணக்கே கிடையாது. முக்கால் என்பது கோல் ஊன்றி மூன்று காலால் நடப்பது, முன்னரை என்பது நரை, விக்கி இருமுவது இருமா, மாகாணி சுடுகாடு. அதெல்லாம் வருவதற்கு முன், காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவரை இன்றே பாடு என்று முடிப்பார். 'கச்சி ஒருமாவின் கீழரை' என்பதில் ஒரு மா, கீழ், அரை என மூன்று பின்னச் சொல் ஒளிந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு எண்சுவடி தலைகீழ்ப் பாடம். அதனால்தான் சிலேடை உடனே பிடிபட்டது. இன்று அதே பாட்டுக்கு உரை இரண்டு பக்கம் வேண்டும்.

லாஸ்பேட்டைக்காரன் | செவ்வாய், காலை 9.10

ஒரு வரி கேட்டேன், ஊரே திரண்டு வந்து சொல்லிவிட்டீர்கள். எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று மட்டும். அந்த மனையை அண்ணன், நான், தங்கை மூவரும் சேர்ந்து வாங்குகிறோம். ஆளுக்கு மூன்றில் ஒன்று. பழைய முறையில் 1/3-ஐ எப்படி எழுதுவார்கள்? நேற்று இரவு 320-ஐ மூன்றால் வகுத்தேன், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

கெடிலக்கரை டீச்சர் | செவ்வாய், காலை 10.25

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்த முறைக்கு மூன்று ஒத்துவராது. 320-இல் இரண்டும் ஐந்தும்தான் இருக்கின்றன. 106 முந்திரி வரை வரலாம்: காலே வீசமே காணியே அரைக்காணி. 80, 20, 4, 2. மூன்று பேருக்கும் கொடுத்தது போக 2 முந்திரி மிச்சம். கீழ் இறங்கினாலும் மறுபடி 320, மறுபடி மிச்சம். எத்தனை கீழ் போட்டாலும் அதே கதை.

இங்கேதான் இம்மி வருகிறது. கீழ்முந்திரி (1/1,02,400) வரை எல்லாம் பாதியும் இருபதுமாக வந்தவர்கள், அதற்கு அடுத்த படியில் திடீரென்று வேறு எண்ணைப் பிடிக்கிறார்கள். ஒரு கீழ்முந்திரிக்குப் பத்தரை இம்மி என்று ஒரு பட்டியல், இருபத்தொன்று என்று இன்னொரு பட்டியல். பத்தரை என்பது 21-இல் பாதி. எதை எடுத்தாலும் 21 உள்ளே வந்துவிடுகிறது. 21 என்றால் மூன்று ஏழு. பத்தரையை வைத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு 10,75,200 இம்மி. மூன்றால் வகுத்தால் 3,58,400. ஏழால் வகுத்தால் 1,53,600. இரண்டும் மிச்சமில்லாமல் விழும். இம்மி பிசகாமல் பங்கு பிரிப்பது என்றால் உண்மையிலேயே இம்மி வரை போக வேண்டும் போலிருக்கிறது.

பத்திரப்புள்ளி | செவ்வாய், காலை 11.00

தம்பி, இம்மி எல்லாம் பத்திரத்தில் எழுதப் போகாதீர்கள். 'மூவரும் சமபாகம்' என்று போட்டாலே போதும். பின்னால் பிரிக்க நேர்ந்தாலும் உங்கள் மனைக்குக் கவலை இல்லை. 2 குழி 1 வீசம் என்பது 33 வீசம். ஆளுக்கு 11 வீசம், மீதி 12 அடியில் ஆளுக்கு 4. சுத்தமாக 400 சதுர அடி. 30 அடி முகப்பை மூன்றாகப் பிரித்தால்தான் ஆளுக்குப் பத்தடி அகலம் வருகிறது. அதில் வீட்டுக்கு அனுமதி வாங்குவது பற்றித் தனி இழை தொடங்குங்கள், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.